அபாயக் கழிவு விதிகள்: எது மாறியது, ஏன் மாறியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர் பக்கம் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) யூனிட்டுகளுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துத் தாள் வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. போகிற இடமெல்லாம் இதே சந்தேகங்கள்தான். பாதிப் பேர் கையில் பழைய விதியின் ஜெராக்ஸ் இருக்கிறது. மீதிப் பேரிடம் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பி.டி.எஃப். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் இருக்கும் பதில்களைப் படித்துவிட்டு வந்தால் பின்னால் வருபவை சுலபமாகப் புரியும்.

எங்களுது வெறும் லேத் பட்டறை சார், கெமிக்கல் கம்பெனி இல்ல. எங்களுக்கு எதுக்கு அபாயக் கழிவு?

மெஷினிலிருந்து வடிக்கும் பழைய ஆயில், ஆயில் துடைத்த பனியன் வேஸ்ட், பெயின்ட்டும் தின்னரும் வந்த காலி டின். இவை உங்கள் பட்டறையில் இல்லையா? இன்று நடப்பில் இருக்கும் 2016 விதிகளின் முதல் அட்டவணையில் இவற்றுக்குத் தனித்தனி எண்ணே இருக்கிறது. வடித்த ஆயில் 5.1, எண்ணெய் கலந்த கசடு 5.2, ரசாயனம் வந்த காலி டிரம் 33.1, அழுக்குத் துணி 33.2. பட்டறை சின்னதா பெரியதா என்று அந்த அட்டவணை பார்ப்பதில்லை.

அந்த அட்டவணையில் மொத்தம் 38 தொழில்முறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எந்தக் கழிவு வரும் என்று எழுதியிருக்கிறது. அதில் இல்லாத கழிவாக இருந்தால் இரண்டாம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அது ஆய்வகக் கணக்கு. உதாரணமாக, கழிவைச் சோதனை முறைப்படி ஊறவைத்து வடித்த நீரில் பாதரசம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவை எட்டினால் அது அபாயக் கழிவு.

போபாலுக்கு அப்புறம்தான் இந்தச் சட்டமெல்லாம் வந்துச்சா?

பெரும்பாலும் ஆமாம். அதற்கு முன் 1974-இன் தண்ணீர்ச் சட்டமும் 1981-இன் காற்றுச் சட்டமும் இருந்தன. ஒன்று குழாயில் போவதைப் பார்த்தது, இன்னொன்று புகைபோக்கியில் போவதைப் பார்த்தது. தொழிற்சாலையின் பின்பக்கம் டிரம்மில் கிடக்கும் கசடைத் தனியாகக் கவனிக்க விதி என்று எதுவும் இல்லை. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு கசிந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1989 ஜூலை 28 அன்று முதல் அபாயக் கழிவு விதிகள் அரசிதழில் வெளியாயின.

அதே 1989 மார்ச்சில்தான் நாடு விட்டு நாடு கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் ஒப்பந்தமும் முடிவானது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. பின்னால் வந்த விதிகளின் பெயரிலேயே ‘எல்லை கடந்த போக்குவரத்து’ என்பது சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

சும்மா சும்மா ஏன் மாத்திக்கிட்டே இருக்காங்க? ஒரே தடவை ஒழுங்கா எழுதக்கூடாதா?

எரிச்சல் நியாயமானது. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் விதி வேறு ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருப்பது தெரியும்.

1989 விதி கேட்டது ‘என்ன கழிவு, எத்தனை கிலோ?’ என்று. மொத்தம் 18 வகைகள், பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் அளவு. முதல் வகை சயனைடு கழிவு, சயனைடாகக் கணக்கிட்டு ஆண்டுக்கு 1 கிலோ. கழிவு எண்ணெய்க்கு 1000 கிலோ. இதில் ஓட்டை எங்கே என்று பிளேட்டிங் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கசடில் எவ்வளவு சயனைடு இருக்கிறது என்பதை யார் அளப்பது? யூனிட்காரரே எழுதிக் கொடுக்கும் கணக்குதான். அளவுக்குக் கீழே என்று எழுதிவிட்டால் விதி உங்களைத் தொடாது.

2000 திருத்தத்தில் கேள்வி ‘என்ன தொழில் செய்கிறீர்கள்?’ என்று மாறியது. 44 தொழில்முறைகளைப் பட்டியலிட்டு, இந்த வேலை செய்தால் இந்தக் கழிவு வந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டார்கள். 2003-இல் பட்டியல் 36 ஆனது. பிளேட்டிங் செய்கிறீர்களா, அப்படியானால் கசடு அபாயக் கழிவு, முடிந்தது. இத்தனை ஆண்டு மாற்றங்களில் உருப்படியானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வாதாடும் இடத்தை அடைத்துவிட்டது.

2008-இல் விதிகளை முழுசாகத் திருப்பி எழுதினார்கள். பிறகு 2016 ஏப்ரல் 4 அன்று வந்த விதிகளில் ‘இதை யாராவது மறுபடி பயன்படுத்த முடியுமா?’ என்ற கேள்வி முன்னால் வந்தது. புதைப்பது கடைசி வழி என்று வரிசையே போட்டுக் கொடுத்தார்கள்: கழிவு வராமல் தடு, குறை, மறுபயன்பாடு, மறுசுழற்சி, சிமென்ட் சூளை போன்றவற்றில் எரிபொருளாகவோ மூலப்பொருளாகவோ சேர், எதுவும் முடியாவிட்டால் பாதுகாப்பாக அகற்று. விதியின் தலைப்பிலும் ‘மற்றும் பிற கழிவுகள்’ என்று சேர்ந்தது. பழைய டயர், உலோகத் துண்டு, காகிதக் கழிவெல்லாம் உள்ளே வந்தது அப்படித்தான்.

2022-இல் பழைய டயரில் தொடங்கி, ‘இந்தப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் யார்?’ என்றும் கேட்கிறார்கள். அதைப் பழைய ஆயில் கேள்வியில் சொல்கிறேன்.

ஆயிலு வருஷத்துக்கு ஆயிரம் கிலோ தாண்டினாத்தான் கணக்குன்னு எங்கப்பா காலத்துலேர்ந்து சொல்றாங்களே?

உங்கள் அப்பா காலத்தில் அது சரி. மேலே சொன்ன 1989 அட்டவணையின் எண் அது. இன்றைய முதல் அட்டவணையில் பழைய ஆயிலுக்குக் கிலோ வரம்பே கிடையாது. விதி போய்விட்டது, வாய்வழியாக எண் மட்டும் தங்கிவிட்டது. அம்பத்தூரில் இன்னும் இதை என்னிடம் சத்தியம் செய்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம், விதி, திருத்தம், சுற்றறிக்கை எல்லாம் ஒண்ணுதானே? எது வந்தா நாங்க பயப்படணும்?

சட்டம் நாடாளுமன்றம் போடுவது. நம் விஷயத்தில் அது 1986 சட்டம். விதி, அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அரசிதழில் வெளியிடுவது. சட்டத்தைத் தொடாமலேயே விதியை மாற்ற முடியும் என்பதால்தான் மாற்றம் இவ்வளவு அடிக்கடி வருகிறது. சுற்றறிக்கையும் வழிகாட்டு நெறியும் வாரியங்கள் விடுபவை. விதியை எப்படிச் செயல்படுத்துவது என்று விளக்கும், விதியையே மாற்ற அவற்றால் முடியாது.

இன்னொன்று இருக்கிறது, வரைவு. இறுதி விதிக்கு முன் வரைவை அரசிதழில் போட்டு, பொதுவாக 60 நாள் கருத்துக் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் ‘புதிய விதி அமல்’ என்று ஓடுவதில் பாதி வரைவுகள்தான். பயப்பட வேண்டாம், ஆனால் படியுங்கள். தொழில் சங்கங்கள் கருத்து எழுதுவதற்கு அந்த 60 நாள்தான் வாய்ப்பு. விதி வந்தபிறகு சங்கக் கூட்டத்தில் கத்துவதில் பலன் குறைவு.

2019-லயே சின்ன யூனிட்டுக்கு ஆத்தரைசேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்களே சார்?

பாதிச் செய்தி. 2019 மார்ச் 1 திருத்தம் சொன்னது இதுதான்: தண்ணீர், காற்றுச் சட்டங்களின் கீழ் வாரியத்தின் கன்சென்ட் (தொழில் நடத்தச் சம்மதம்) தேவைப்படாத தொழில் என்றால், அபாயக் கழிவைக் கையாள வாரியம் தரும் அனுமதியான ஆத்தரைசேஷனும் வாங்க வேண்டாம். மாசு மிகக் குறைவான ‘வெள்ளை’ வகைத் தொழில்களை மனதில் வைத்து வந்த விலக்கு அது. நீங்கள் சின்ன யூனிட் என்பதற்காகக் கிடைப்பதல்ல. பிளேட்டிங், மாசு அதிகமான ‘சிவப்பு’ வகை. ஒரே ஒரு தொட்டி வைத்து நடத்தினாலும் விலக்கு கிடையாது.

விலக்கு உள்ளவர்களுக்கும் அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது. கழிவை, முறையாகப் பயன்படுத்துபவரிடமோ சேகரிப்பவரிடமோ அகற்றும் நிலையத்திடமோதான் கொடுக்க வேண்டும். தாள் வேண்டாம் என்றார்களே தவிர, கழிவை எங்கே வேண்டுமானாலும் கொட்டு என்று சொல்லவில்லை.

விதி மாறினா கையில இருக்கிற ஆத்தரைசேஷன் செல்லாம போயிடுமா?

போகாது. 2016 விதி வந்தபோது 2008 விதியின்படி வாங்கியிருந்தவர்கள் அதன் காலம் முடியும்வரை புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று விதியிலேயே எழுதினார்கள். ஆனால் தாள் பழையதாக இருந்தாலும் கடமை புதியது. எந்தப் படிவம், எத்தனை நகல் என்பதெல்லாம் புதிய விதிப்படிதான்.

இத்தனை தடவை மாத்தினாங்க, எங்க வேலையில என்னதான் மாறிச்சு? டிரம் அதே டிரம்தானே?

உண்மையைச் சொன்னால், தரையளவில் மாறியது குறைவு. கசடை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2008-இலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு வரும் சின்ன யூனிட்டுகளுக்கு வாரியம் அதை 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம்; தானாக நீளாது, கேட்டு வாங்க வேண்டும். 3ஆம் படிவத்தில் பதிவேடு, ஆண்டுக் கணக்கு 4ஆம் படிவத்தில் ஜூன் 30-க்குள். இதுவும் அப்படியே.

மாறியது மேனிஃபெஸ்ட், அதாவது கழிவோடு லாரியில் போகும் சீட்டு. 2008-இல் 13ஆம் படிவம், ஆறு நகல். 2016-இல் 10ஆம் படிவம், ஏழு நகல். நிறம் நிறமாக இருக்கும். வெள்ளை நீங்கள் வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சள், லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்வது. இளஞ்சிவப்பு, கழிவைப் பெறுகிறவருக்கு. ஆரஞ்சு லாரிக்காரருக்கு. பச்சையைப் பெற்றவர் வாரியத்துக்கு அனுப்புவார். நீலம், அவர் கையெழுத்திட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்புவது. சாம்பல் நிறம், கழிவு வேறு மாநிலம் போனால் பெற்றவர் உங்கள் மாநில வாரியத்துக்கு அனுப்புவது.

இதில் எல்லாரும் கோட்டை விடுவது நீல நகலை. மஞ்சள் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மஞ்சள் காட்டுவது லாரி உங்கள் கேட்டைத் தாண்டியதை மட்டும்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அகற்று நிலையத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா, வழியில் செங்குன்றம் தாண்டி ஏதாவது காலி மனையில் கவிழ்ந்ததா என்பதற்குச் சாட்சி நீலம். அது வரவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள், எழுத்திலும் கேளுங்கள்.

டிரம்மில் ஒட்டும் 8ஆம் படிவ லேபிளும் அப்படித்தான். ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. நம் பட்டறைகளில் டிரம் வெளியேதான் நிற்கிறது, வடகிழக்குப் பருவமழை லேபிளைக் கழுவிவிட்டுப் போகும். பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.

பழைய ஆயிலுக்குப் புதுசா ஏதோ வந்திருக்காமே? காயலான் கடைக்காரரு காசு குடுத்தே எடுத்துட்டுப் போறாரு, எதுக்கு வம்பு?

காசு கொடுத்து எடுக்கிறார் என்பதே அது எங்கோ விலைபோகிறது என்பதைக் காட்டுகிறது. எங்கே? கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குப் பூச, உலையில் எரிக்க. அந்த ஆயிலில் ஈயமும் மற்ற உலோகங்களும் தேய்ந்து கலந்திருக்கும். எரித்தால் காற்றில், பூசினால் மண்ணில்.

2023 செப்டம்பர் 18 அன்று வந்த திருத்தம் பழைய ஆயிலை ‘உற்பத்தியாளர் பொறுப்பு’ முறைக்குள் கொண்டுவந்தது. நடைமுறை 2024 ஏப்ரல் 1 முதல். மசகு எண்ணெய் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும், தாங்கள் சந்தையில் விற்றதில் ஒரு பங்கு திரும்பி வந்து முறையாக மறுசுழற்சியானதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். முதல் ஆண்டில் 5 சதவீதம், படிப்படியாக ஏறி 2029-30-இல் 50 சதவீதம். சேகரிப்பவரும் மறுசுழற்சி செய்பவரும் மத்திய வாரியத்தின் இணையத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

உங்களுக்கு இதில் இலக்கு எதுவும் இல்லை. பதிவு செய்தவரிடம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், அவ்வளவுதான். இலக்கு ஏற ஏறப் பதிவு பெற்றவர்களும் நல்ல விலை தர வேண்டிவரும் என்பது என் கணக்கு. பேட்டரியில் பழசைக் கொடுத்தால் விலை கழிப்பது பழக்கமாகிவிடவில்லையா?

அலுமினியம், செம்பு, துத்தநாகத் துண்டுகளுக்கும் இதே முறையை 2025 ஜூலையில் அறிவித்தார்கள், 2026 ஏப்ரல் 1 முதல். அதிலும் பாரம் உற்பத்தியாளர் மேல்தான்.

பேட்டரி, பழைய கம்ப்யூட்டர், வீட்டு ட்யூப் லைட்டெல்லாம் இதே விதியிலதான் வருதா?

இல்லை, தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். பேட்டரிக்கு 2001-இல் தனி விதி, 2022-இல் புதிது. மின்னணுக் கழிவுக்கு 2011, 2016, பிறகு 2022-இல் எழுதி 2023 ஏப்ரல் முதல் நடப்பது. ஆஸ்பத்திரிக் கழிவுக்கு 1998, பிறகு 2016. வீட்டில் உடைந்த பாதரச வெப்பமானி, ட்யூப் லைட், காலாவதி மாத்திரை, பெயின்ட் டின் எல்லாம் 2016 திடக்கழிவு விதிகளில் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று வந்தன. வீட்டுக்காரர் வாரியத்துக்குப் போக வேண்டியதில்லை, பிரித்துக் கொடுத்தால் போதும்.

எண்ணூர்ல அவ்வளவு சாம்பல் கிடக்குது, ஆத்துல கலக்குது. எங்க ஒரு டிரம் ஸ்லட்ஜுக்குக் கேள்வி மேல கேள்வி. அது அபாயக் கழிவு இல்லையா?

விதிப்படி இல்லை. முதல் அட்டவணையின் கீழே ஒரு குறிப்பு: அளவு மிக அதிகமாகவும் பாதிப்பு குறைவாகவும் உள்ள கழிவுகள், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல், உர ஆலையின் பாஸ்போஜிப்சம், அலுமினா ஆலையின் சிவப்புக் கசடு (ரெட் மட்), சுரங்கக் கழிவு போன்றவை, அபாயக் கழிவு வகையில் சேராது. சாம்பலுக்கு 1999 செப்டம்பர் 14 முதல் தனி அறிவிக்கை உண்டு. 2021 டிசம்பர் 31-இல் வந்த புதிய அறிவிக்கை 100 சதவீதச் சாம்பலையும் பயன்படுத்தச் சொல்கிறது.

ஒரு கிலோவில் இருக்கும் நச்சை வைத்துப் பார்த்தால் சாம்பலையும் பிளேட்டிங் கசடையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, அது சரி. ஆனால் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு போனவர்களிடம் ‘பாதிப்பு குறைவு’ என்று யாரும் வாசித்துக் காட்ட மாட்டார்கள். அந்தக் குறிப்பு மறுபடி எழுதப்பட வேண்டியது என்பது என் எண்ணம். உங்கள் ஒரு டிரம்முக்கு அது விலக்கு தராது என்பதும் உண்மை.

2020-ல மணலியில அமோனியம் நைட்ரேட் இருந்ததுன்னு பரபரப்பாச்சே, அது எந்த விதி மீறல்?

பெய்ரூட் வெடிவிபத்துக்குப் பிறகு வெளியே வந்தது அது. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன், சரக்குப் பெட்டக நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. பிறகு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அது கழிவு அல்ல, சரக்கு. அதற்கு வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2012-இன் அமோனியம் நைட்ரேட் விதிகள் உண்டு. அபாயகரமான ரசாயனத்துக்கும் அபாயக் கழிவுக்கும் வேறு வேறு விதி. இரண்டும் 1989-இலேயே பிறந்ததால் குழப்பம் வருகிறது.

ஜெயில் தண்டனையையே எடுத்துட்டாங்களாமே? அப்போ ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுதா?

1986 சட்டத்தின் 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மாற்றியது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை தண்டத்தொகை. மீறல் தொடர்ந்தால் நாளுக்கு மேலும் 10,000. தீர்மானிப்பது நீதிமன்றம் அல்ல, அதற்கென நியமித்த அதிகாரி. தண்டத்தொகையைக் கட்டாவிட்டால் சிறை மறுபடி எட்டிப் பார்க்கும்.

முன்பு ஜெயில் இருந்தும் வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்ததால் பயம் போய்விட்டிருந்தது. இப்போது கை வைப்பது நேராகப் பையில். பட்டறைக்காரருக்கு எது வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இது தவிர, விதிகளின் 23ஆம் பிரிவுப்படி சுற்றுச்சூழலுக்கும் மற்றவர்களுக்கும் ஏற்பட்ட சேதத்துக்கான பொறுப்பு தனியாக நிற்கும். தண்டத்தொகை கட்டியது அதைக் கழிக்காது.

இடத்தை வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது, பழைய ஓனர் பின்னாடி ஸ்லட்ஜ் புதைச்சு வெச்சிருக்காரு. அவரு புதைச்சப்போ இந்த விதியே இல்ல. இப்போ யாரு தலையில விழும்?

வந்ததிலேயே சிக்கலான கேள்வி இது. இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று குற்றமாக இல்லாத செயலுக்கு இன்று தண்டிக்க முடியாது. அரசியலமைப்பின் 20(1) அதைத் தடுக்கிறது. ஆனால் சுத்தம் செய்யும் செலவு தண்டனை அல்ல. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் வழக்கில் 1996-இலேயே உச்சநீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பதை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் வந்திருக்கின்றன. சந்தேக இடத்தைக் கண்டறிவது, வாரியம் ஆய்வு செய்வது, பொறுப்பாளியைக் கண்டுபிடித்து அவர் செலவில் சரிசெய்வது என்று அதில் வழிமுறை போட்டிருக்கிறார்கள்.

உங்கள் பக்கம் ஒரு ஆபத்து இருக்கிறது. 2016 விதிகளின் விளக்கத்தில், கழிவு யார் வசம் இருக்கிறதோ அவரும் பொறுப்புள்ள ‘உடைமையாளர்’தான். எனவே தெரிந்த பிறகு சும்மா இருப்பதுதான் மோசம். தோண்டாதீர்கள், மேலே கான்கிரீட் போட்டு மூடாதீர்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் சீட்டை விற்பனைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வக்கீலைப் பாருங்கள். பழைய கழிவு தானாகக் கரைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: போபால் ஆலையில் கிடந்த 337 டன் கழிவைப் பீதாம்பூருக்குக் கொண்டுபோய் எரித்து முடித்தது 2025-இல்.

கையில இருக்கிற பி.டி.எஃப். லேட்டஸ்ட்தானான்னு எப்படிப் பாக்கறது?

முதலில் தலைப்பு. 1989, 2008 என்று இருந்தால் தூக்கிப் போடுங்கள். 2016 என்றால், 2019, 2023, 2025 திருத்தங்கள் உள்ளே சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஆயிலுக்குத் தனி அத்தியாயம் இல்லை என்றால் அது பழைய பிரதி. ‘வரைவு’ என்று எங்காவது இருக்கிறதா என்றும் முதல் பக்கத்தை முழுசாகப் படியுங்கள்.

அப்புறம் தேதி. அரசிதழில் வெளியான தேதி ஒன்று, நடைமுறைக்கு வரும் தேதி இன்னொன்று. பழைய ஆயில் திருத்தத்தில் இரண்டுக்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. இன்ஸ்பெக்ஷனில் கேட்பது இரண்டாவது தேதியை. அரசிதழ் இணையத் தளத்தில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது. ஹிந்திப் பகுதி முடிந்ததும் ஆங்கிலம் இருக்கும், பின்பக்கத்திலிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.